பேருந்து நேரம் காட்டும் செயலிகள்: பத்தாண்டுப் பயன்பாட்டில் நான் கண்டவை

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் குடியிருந்துகொண்டு தேக்காவுக்கு வேலைக்குச் சென்றுவரும் நான், 2014 முதல் பேருந்து நேரம் காட்டும் செயலியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்குகிறேன். அந்த ஆண்டு நவம்பரில்தான் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், தொழில்நுட்பத்தை அன்றாட வாழ்வில் புகுத்தும் அறிவார்ந்த தேசத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசாங்கமும் தரவு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் சேவைகளை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற முறையில், தரவு யார் பொறுப்பில், என்ன நிபந்தனையில் இருக்கிறது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

நிலப் போக்குவரத்து ஆணையம், பேருந்து வருகை விவரங்களை 'டேட்டாமால்' என்ற தரவுத் தளத்தின் வழியாக எந்த நிறுவனமும் எடுத்தாளும்படி திறந்துவைத்திருக்கிறது. ஐந்து இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு சேவையிலும் அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் நேரமும், உட்கார இடம் இருக்கிறதா, நிற்கத்தான் முடியுமா, சக்கர நாற்காலி ஏறுமா என்ற விவரங்களும் கிடைக்கும். அம்மா சக்கர நாற்காலியில் இருந்த மாதங்களில், நெரிசலைக் குறிக்கும் சிவப்பு காட்டிய பேருந்தை விட்டுவிட்டு, இருக்கை உண்டு என்று பச்சை காட்டும் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்போம். அது வந்து நின்றதும் ஓட்டுநர் இறங்கி, சாய்தளப் பலகையை விரித்து, அம்மாவை உள்ளே தள்ளிச் சென்று, நாற்காலியின் சக்கரம் பூட்டப்பட்டதைக் குனிந்து பார்த்த பிறகுதான் தம் இருக்கைக்குத் திரும்புவார். நெரிசலான பேருந்தில் அதற்கு இடமே இருந்திருக்காது.

நான் முதலில் வைத்திருந்த தனியார் செயலி, பேருந்து நேரம் காட்டுவதற்கு என் தொடர்புப் பட்டியலைக் கேட்டது. பிறகு முன்னறிவிப்பின்றி நின்றுபோனது. நான் சேமித்துவைத்திருந்த நிறுத்தங்கள் அதோடு போயின. ஆனால் அன்று மாலையே வேறொரு செயலியில் அதே விவரங்கள் கிடைத்தன. 2016இல் தொடங்கிய ஒப்பந்த முறையில் பேருந்துகளும் அவற்றைக் கண்காணிக்கும் கட்டமைப்பும் அரசாங்கத்தின் உடைமை. நிறுவனங்கள் குத்தகைக் காலத்துக்கு ஓட்டித் தருகின்றன. ஆகவே, ஓட்டும் நிறுவனம் மாறினாலும் தரவு கைமாறிப் போவதில்லை. இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கட்டண அட்டையில் அனுபவம் வேறு. பழைய ஈசி-லிங்க் அட்டையைத் தட்டியதும் கட்டணமும் மீதித் தொகையும் கருவியில் தெரியும். புதிய சிம்ப்ளிகோ முறையில் கணக்கு அட்டையில் இல்லாமல் மையக் கணினியில் இருப்பதால், அவை கருவியில் தெரியாமல், நான் செயலியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. வயதுவந்தோருக்கான பழைய அட்டைகள் 2024 ஜூன் முதல் செல்லாது என்று அந்த ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி வந்த அறிவிப்பு, பொதுமக்களின் மனக்குறைக்குப் பின் 22ஆம் தேதி மீட்டுக்கொள்ளப்பட்டது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்த 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றும் கூறப்பட்டது. அந்தச் செலவு தகும் என்றே நினைக்கிறேன். தன் பணத்தில் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதைப் அட்டையைத் தட்டிய உடனேயே காண்பது பயணியின் உரிமை.

நிபந்தனைகள் எவ்வளவு முக்கியம் என்பதை, கொவிட்-19 காலத்தில் யார் யார் அருகில் இருந்தார்கள் என்று பதிவுசெய்த டிரேஸ்டுகெதர் திட்டம் எனக்கு உணர்த்தியது. நோய்த்தொற்றின் தடமறியவே அதன் தரவு பயன்படும் என்று நம்பித்தான் நானும் அதன் சிறு மின்கருவியான வில்லையைப் பையில் மாட்டிக்கொண்டேன். குற்றவியல் விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மனம் கனத்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு கட்டியது. முதல் நாளிலேயே அந்த வரம்பு எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டமொன்று தனியே உண்டு. அரசாங்கத்தின் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கு முன்பு இருந்த விலக்கை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இத்தகைய கூட்டுப் பணிகளில் என்னைப் போன்றவருக்குக் கிடைத்த உறுதியான பாதுகாப்பு இதுவே.

இப்போது என் திறன்பேசியில் இரண்டு செயலிகள் இருக்கின்றன. இருப்பிட அனுமதியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு குறை உண்டு. காட்டப்படும் நேரம் பேருந்தின் உண்மையான இருப்பிடத்தைக் கொண்டு கணிக்கப்பட்டதா, கால அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டதா என்ற குறிப்பும் ஆணையம் தரும் தரவில் இருக்கிறது. நான் வைத்திருக்கும் இரண்டில் ஒன்று அதைக் காட்டுவதில்லை. மழை நாளில் அம்மாவோடு கூரைக்கடியில் நிற்கும்போது எனக்கு வேண்டியிருப்பது அந்தக் குறிப்புதான்.