மூன்று இயர்போன்களும் ஒரு மிருதங்கமும்

7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, ட்ரூத்இயர் ஜீரோ ரெட், எட்டிமோட்டிக் இஆர்2எக்ஸ்ஆர். கொஞ்ச காலமாக இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். முதல் இரண்டுக்கும் பெயர் ஜீரோ, ஆனால் நிறுவனங்கள் வேறு (இயர்போன்காரர்களுக்கு ஜீரோ மேல் அப்படி என்ன பிரியமோ!). குழப்பம் வராமலிருக்க சால்நோட்ஸ், ரெட் என்றே சொல்லிவிடுகிறேன். சால்நோட்ஸ் 2022இல் 20 டாலருக்கு வந்தது, உள்ளே 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) ஒன்று. 2023இல் வந்த ரெட்டில் 10 மி.மீ., 7.8 மி.மீ. என இரண்டு டைனமிக் டிரைவர்கள், விலை 55 டாலர். எட்டிமோட்டிக்கிலும் டிரைவர் ஒன்றுதான், ஆனால் மூன்றில் விலை கூடியது அதுதான்.

நான் அதிகம் கேட்பது கச்சேரிப் பதிவுகள். அதனால் எந்த இயர்போன் கையில் வந்தாலும் முதலில் கவனிப்பது மிருதங்கத்தை. வலது முகமான வலந்தலை சுருதியோடு சேர்ந்து கணீரென்று பேச வேண்டும். ரவை அப்பிய இடது முகமான தொப்பிப் பக்கம் அடித்தொனி கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். சால்நோட்ஸில் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழும், தொப்பி மட்டும் ஓரடி பின்னால் நிற்கும். ரெட்டில் தொப்பிக்கு உடம்பு வந்துவிடும். இடதுகை மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கி, வயலினையோ பாடகரின் குரலையோ மூடாமல் தனியாக உருண்டு வருகிறது. கீழ்த் தொனியை மட்டும் தூக்கி, குரல் இருக்கும் நடுப்பகுதியை அப்படியே விட்டுவைத்திருப்பதுதான் காரணம்.

எட்டிமோட்டிக் வேறு ரகம். மூன்றடுக்கு டிப்பை (முனையில் மாட்டும் மென்மையான உறை) காதுக்குள் ஆழமாகச் செருக வேண்டும். முதல் வாரம் ஏண்டா வாங்கினோம் என்று இருக்கும். பழகிய பிறகு மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் எங்கோ போய்விடும். அந்த அமைதியில்தான் கச்சேரியின் சின்னச் சின்ன விஷயங்கள் மேலே வருகின்றன. நிரவலுக்கு (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) முன் பாடகர் மூச்சு எடுப்பது, ரசிகர் யாரோ தொடையில் தாளம் போடுவது, பின்னால் ஒலிப்பது நிஜத் தம்புராவா எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியா என்பதுகூட. பெட்டி என்றால் அந்தச் சுற்று அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் அதை மறக்க முடியாது, அது ஒரு தொல்லை. கமகங்களில் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது) ஸ்வரம் எங்கே தொட்டு எங்கே இறங்குகிறது என்பதை இந்த மூன்றில் இதுவே நன்றாகக் காட்டுகிறது.

எண்பதுகளின் திரைப்பாடல்களுக்கு எனக்கு சால்நோட்ஸ் பிடிக்கிறது. பேஸ் கிடாரின் ஓட்டத்தைப் பின்தொடர முடிகிறது, குரல் முன்னால் நிற்கிறது. எட்டிமோட்டிக்கில் அதே பாடலைப் போட்டால் டேப்பின் இரைச்சலும், யாரோ அவசரமாக எம்பி3 ஆக்கிய கோலமும் சேர்ந்தே கேட்கும். இன்றைய குத்துப் பாட்டுக்கும் எலக்ட்ரானிக் இசைக்கும் ரெட் போதும், வேறு யோசனையே வேண்டாம். மெட்டல் எனும் அதிரடி ராக் இசை எப்போதாவது கேட்பதுதான். இரட்டை கிக் டிரம் வேகமாக ஓடும்போது எட்டிமோட்டிக்கில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வருகின்றன.

ரெட்டோடு 10 ஓம் அடாப்டர் ஒன்று தருகிறார்கள். அதை இயர்போன் பிளக்குக்கும் பிளேயருக்கும் நடுவில் மாட்டினால் பேஸ் இன்னும் கூடும். ரெட்டின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் இல்லாததால், தொடரில் ஒரு தடையைச் சேர்த்ததும் தொனிச் சமநிலை மாறுகிறது. பகலில் எனக்கு அது அதிகம். இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது மட்டும் மாட்டுகிறேன். சத்தம் குறைந்தால் நம் காது முதலில் இழப்பது கீழ்த் தொனிகளைத்தான். அடாப்டர் அதை ஈடுகட்டிவிடுகிறது.

நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதானால் சத்த அளவை முதலில் சமப்படுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே எப்போதும் நல்லதாகத் தோன்றும். அப்புறம் டிப். காதில் சரியாக அடையாவிட்டால் எந்த இயர்போனிலும் தொப்பி காணாமல் போய்விடும், விமர்சனம் எழுதியவனைத் திட்டிப் பயனில்லை. ரெட்டில் காதுக்குள் போகும் குழல் தடிமனானது. சிறிய காது உள்ளவர்கள் முடிந்தால் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எட்டிமோட்டிக் வாங்கினால் மாற்று ஃபில்டர்களையும் கையோடு வாங்கிவிடுங்கள். அவ்வளவு உள்ளே போவதால் காதழுக்கு படிந்து ஒரு பக்கம் மெல்ல மெல்லக் கம்மியாகும், பலர் அதை டிரைவர் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நடந்துகொண்டே கேட்பவர்களுக்கு எட்டிமோட்டிக் வேண்டாம். ஒவ்வொரு காலடியும் கேபிள் உரசலும் மண்டைக்குள் இடிக்கும், சாலையில் ஹார்ன் சத்தமும் சரியாகக் கேட்காது. நடைக்கு நான் எடுத்துப்போவது சால்நோட்ஸ். தொலைந்தாலும் 20 டாலரோடு போகும்.