அடிதடி வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் ராஜி செய்வது: வேகம் உண்டு, நிறைவு பாதிதான்

வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, பங்காளிகளுக்குள் கைகலப்பு. மதுரைப் பக்கம் இப்படிப் பதிவாகும் வழக்குகளை முடிக்க மக்கள் நீதிமன்றத்தைவிட (லோக் அதாலத்) மலிவான வழி இல்லை. கட்டணமே கிடையாது. மதுரையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டக் குழுக்களிலோ மனு கொடுக்கலாம். சி.சி. எண்ணும் (நீதிமன்றம் தந்த வழக்கு எண்) எஃப்.ஐ.ஆர். நகலும் கையில் இருக்கட்டும். விவரம் கேட்க 15100.

வேகத்துக்கு முழு மதிப்பெண். அடிபட்டவரின் மனக்குறை தீருமா என்றால், அதுதான் பாதி. அமர்வு நாளில் கோப்புகள் வரிசைகட்டி நிற்கும். ‘சம்மதமா?’ ‘சம்மதம்.’ கையெழுத்து. அடித்தவர் எதிரே நின்று பதில் சொல்ல நேரமே இராது. அது வேண்டுமென்றால் வழக்கை முதலில் சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேளுங்கள். ராஜியாகக்கூடிய (இரு தரப்பும் ஒத்துப்போய் முடிக்கச் சட்டம் விடும்) குற்றங்களை நீதிமன்றம் அப்படி அனுப்பலாம். அங்கே தனித்தனியாகவும் பேசலாம், பேசியது வெளியே போகாது.

பெரும்பாலும் சிக்கல் எஃப்.ஐ.ஆரிலேயே தொடங்கிவிடும். சாதாரணக் காயத்துக்கான பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 115(2) ராஜியாகும். கூடவே கெட்ட வார்த்தைக்கு 296(பி), அரிவாள் வந்திருந்தால் 118(1) என்று சேர்த்துவிடுவார்கள். இவ்விரண்டும் பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 359ஆம் பிரிவின் ராஜிப் பட்டியலில் இல்லை. மக்கள் நீதிமன்றம் தொடாது. அப்புறம் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையில் அதே சட்டத்தின் 528ஆம் பிரிவின்கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனுதான். உச்ச நீதிமன்றத்தின் 2012 கியான் சிங் தீர்ப்பு அதற்கு வழி விட்டாலும் கொலை, பாலியல் வன்கொடுமைக்கு அந்த வழியும் அடைப்பு.

பணத்தில் ஏமாறுவோர் அதிகம். ராஜி ஆனால் சட்டப்படி எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலை, மேல்முறையீடு கிடையாது. பாக்கித் தவணை வராவிட்டால் சிவில் வழக்குபோல நிறைவேற்று மனு போட்டு அலைய வேண்டும். ஆகவே டி.டி. கைக்கு வந்தபின் கையெழுத்து. ஆஸ்பத்திரிச் செலவு, போன கூலி இரண்டையும் தனித்தனித் தொகையாக எழுதச் சொல்லுங்கள். ‘இனிப் பிரச்சினை செய்ய மாட்டேன்’ என்ற வரியால் பயனில்லை. சர்வே எண், பாதை எத்தனை அடி, வரப்பு யார் பொறுப்பு என்று இருந்தால்தான் அடுத்த உழவில் மறுபடி மோதல் வராது.

ஊர்ப் பெரியவர்கள் முன்பே பேசி முடித்து, கையெழுத்துக்கு மட்டும் கூட்டிவந்திருந்தால் (நம் பக்கம் இது சகஜம்) அமர்விலுள்ள நீதிபதியிடம் வாய்விட்டு மறுத்துவிடுங்கள். வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும், நஷ்டம் ஒன்றுமில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனு கொடுக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.