மதுரை ரோட்டுக்குப் பழைய சிஎல்எஸ் 350-ஆ, 650ஐ-யா?

ஓட்டுற சுகம்னா பிஎம்டபிள்யூ 650ஐ தான், அதுல பேச்சே இல்ல. 4.8 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், 367 குதிரைத் திறன், திண்டுக்கல் நாலு வழிச்சாலையில லேசா மிதிச்சாலே வண்டி பறக்கும். ஆனா மதுரையில வெச்சு பராமரிக்கணும்னா நான் பென்ஸ் சிஎல்எஸ் 350 பக்கம்தான். நான் சொல்ற இந்தத் தலைமுறை வண்டி ரெண்டும் 2010-ஓட நின்னு போச்சு, அதனால இப்ப எதை எடுத்தாலும் கிழடு தட்டுனதுதான்.

650ஐ-ல வெயில்தான் எமன். வி8-க்கு நடுவுல ஓடுற, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் பைப்போட சீல் சூட்டுல வெறச்சுப்போய் கசிய ஆரம்பிக்கும், பழைய முறையில மாத்துனா முன்பக்கம் பூரா பிரிக்கணும், இப்ப நீட்டிச் சுருக்குற மாதிரி பைப் வந்துருச்சு, அதைப் போட்டா அம்புட்டு வேலை கிடையாது. அடுத்தது வால்வ் சீல், இன்ஜின் ஆயில் உள்ள எறங்கி எரியாமத் தடுக்குறது. கோரிப்பாளையம் நெரிசல்ல பத்து நிமிஷம் ஐடில்ல நின்னுட்டு அப்புறம் மிதிச்சுப் பாருங்க, பின்னாடி நீலப் புகை குப்புன்னு வந்தா அந்த வண்டிய விட்டுட்டு வந்துருங்க, அந்த வேலைக்குக் கூலியே கண்ணக் கட்டும். போதாக்குறைக்கு காத்து எறங்குனாலும் கொஞ்ச தூரம் ஓடுற ரன்ஃபிளாட் டயரு, ஸ்டெப்னி கிடையாது, உசிலம்பட்டி தாண்டி பஞ்சரானா ரோட்டோரக் கடையில ரிம்மை விட்டுக் கழட்டவே தெணறுவாங்க.

சிஎல்எஸ் மட்டும் சும்மாவா? ஆரம்பகால 350 இன்ஜின்ல அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்டோட பல்லு தேயும், ஸ்கேனர்ல 1200, 1208 கோட் வந்தா இன்ஜினை எறக்குற வேலை, அதனால கொஞ்சம் பிந்தின வண்டியாப் பாருங்க. ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை தாங்குற ஏர் சஸ்பென்ஷன் இருந்தா காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு டயருக்கு மேலயும் விரலை விட்டுப் பாருங்க, மூணு பக்கம் நாலு விரல் போயி ஒரு பக்கம் மட்டும் ரெண்டு விரல்தான் போகுதுன்னா அங்க காத்து எறங்குது, அப்படியே ஓட்டுனா கம்ப்ரஸரும் ஓடி ஓடியே போயிரும். ஊருக்குள்ள இருக்குற ஸ்பீட் பிரேக்கருக்கு வண்டிய ஒசத்துற பட்டன் நல்லாத்தான் இருக்கும், இருந்தாலும் சாதா ஸ்பிரிங் வண்டி கெடச்சா நான் அதைத்தான் எடுப்பேன்.

சிஎல்எஸ்-க்கு நாலு கதவு வேற. அப்பத்தாவ அழகர்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாம், 650ஐ பின்சீட்ல அவங்களால ஏறி எறங்க முடியாது.

எதை எடுத்தாலும் ஆர்சி-ல 15 வருஷம் முடிஞ்சிருக்கும், எஃப்சி போட்டு 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சிருக்காங்களான்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.