'சென்சார் போச்சு சார்' என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதுவும் செக் இன்ஜின் லைட் எரிந்து அணைந்து விளையாட்டுக் காட்டுகிற கார் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஐந்து மாதத்தில் நான்கு முறை போய் மூன்று சென்சார் மாற்றியிருக்கிறேன். மூன்றில் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை என்பதுதான் என் நிலவரம்.

வண்டிக்கு 14 வயது. ஒரு நாள் ஏசி போட்டுக்கொண்டு மேட்டில் ஏறும்போது இன்ஜின் பட்டென்று நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்க்க, வியர்த்து வழிந்து மறுபடி சாவி திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், பி0335 என்ற கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது. "க்ராங்க் சென்சார் போச்சு சார், மாத்திட்டா சரியாயிடும்." இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கிற சென்சாராம் அது. மாற்றினார்கள், அந்தக் கோடை ஸ்கேனரில் அழித்தார்கள், லைட் அணைந்தது, நானும் நிம்மதியாக வந்துவிட்டேன்.

பி0335 என்ற கோடு க்ராங்க் சென்சார் 'சர்க்யூட்டில்' கோளாறு என்றுதான் சொல்கிறது. அந்த சர்க்யூட்டில் சென்சார் ஒரு ஆள், அவ்வளவுதான். வயர், கனெக்டர், எர்த், ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாமே அதில் அடக்கம். சென்சாரைத் தூக்கி எறி என்று எந்தக் கோடும் சொல்வதில்லை. இது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் பத்து வண்டிக்கு ஸ்கேனர் போடுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மூன்று வாரத்தில் அதே மேடு, அதே கதை. இந்த முறை கேம் சென்சார். அடுத்த மாதம் த்ராட்டில் பொசிஷன் சென்சார். ஏன் இப்படி என்று கேட்டால் "பழைய வண்டி சார், ஒன்னொன்னா போகத்தான் செய்யும்" என்று ஒரே பதில். இந்த வசனம்தான் என்னை ஏமாற்றியது. பழைய வண்டிதானே, சரிதானே என்று நாமே நம்மைச் சமாதானம் செய்துகொள்கிறோம்.

நான்காவது முறை வந்தது மறுபடியும் பி0335. புது க்ராங்க் சென்சார் போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லையே என்றேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "அப்போ ஈசிஎம் போயிருக்கும்" என்றார்கள். வண்டியின் மதிப்பில் பாதியை அங்கே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அத்தனை முறை போயும் அங்கே ஒருவர் கையில்கூட மல்டிமீட்டரை, அதாவது வோல்ட் அளக்கிற மீட்டரை, நான் பார்த்ததில்லை.

அப்புறம் தெரிந்தவர் சொல்லி ஒரு ஆட்டோ எலெக்ட்ரிசியனிடம் போனேன். அந்த அண்ணன் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. எப்போது நிற்கிறது, மேட்டிலா சமதளத்திலா, உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது தடவை ஸ்கேனர் திரையை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதில் நான்கு கோடுகள் இருந்தன: பி0335, பி0340, பி0122, பி0107. க்ராங்க், கேம், த்ராட்டில், மேனிஃபோல்டு பிரஷர் (இன்ஜினுக்குப் போகிற காற்றின் அழுத்தம்) என நான்கு சென்சார். "நாலு பேரும் ஒரே நேரத்துல செத்தா, நாலு பேருக்கும் சோறு போடுற இடத்தைத்தானே பார்க்கணும்?" என்றார். ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை மட்டும் காட்டி ஒரு சென்சாரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

என் வண்டியில் இந்த நான்குக்கும் ஈசிஎம்மிலிருந்து 5 வோல்ட் ஒரே லைனில்தான் போகிறது. (எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. சிலவற்றில் க்ராங்க் சென்சாருக்கு 12 வோல்ட். இரண்டு வயர் உள்ள காயில் வகைக்கு சப்ளையே கிடையாது.) அண்ணன் கேம் சென்சார் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மீட்டரின் சிவப்பு முனையை சப்ளை பின்னிலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். 5.02. சரியாகத்தான் இருந்தது. மீட்டரை என் கையில் கொடுத்துவிட்டு, இன்ஜினுக்குப் பின்னால் போகிற வயர் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போனார். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) பக்கம் ஒரு இரும்பு பிராக்கெட் அருகே வந்ததும் 0.3. கையை எடுத்தார், மறுபடி 5.02. அழுத்தினார், 0.3. ஐந்து மாதமாக நான் பட்ட பாடு அந்தச் சின்னத் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டேப்பைப் பிரித்தால், ஒரு வயரில் நகக்கண் அளவுக்குத் தோல் தேய்ந்து செம்பு தெரிகிறது. பிராக்கெட் விளிம்பிலும் அதே இடத்தில் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கிறது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்ட் ரப்பர் தளர்ந்துவிட்டதால் லோடு ஏறும்போது இன்ஜின் பின்னால் சாய்கிறது, வயர் இரும்பில் உரசி 5 வோல்ட் எர்த் ஆகிறது, நான்கு சென்சாரும் ஒன்றாக வாயை மூடிக்கொள்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் நியூட்ரலில் நிறுத்தி எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இது வராது.

முதல் சென்சார் மாற்றியதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அவசரப்பட்டிருக்கலாம். மூன்றாவதை அப்படி விட முடியாது. இன்னொன்று, கோடை அழித்தால் லைட் மட்டும் அணைவதில்லை, கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எல்லாம் எவ்வளவு இருந்தது என்று ஈசிஎம் பிடித்து வைத்திருக்கிற ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரையைக் கீழே தள்ளிக் காட்டச் சொல்லியாவது எடுங்கள். சென்சார் மாற்ற வேண்டும் என்றால், கனெக்டரில் வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கமும் சந்தேகப்பட வேண்டும் என்றார் அண்ணன். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். க்ராங்க், கேம் இரண்டையும் "குப்பையில் போட்டாச்சு" என்றார்கள். த்ராட்டில் சென்சாரை மட்டும் சண்டை போட்டு வாங்கி வந்திருந்தேன். வயரைச் சரிசெய்து மவுண்டும் மாற்றிய பிறகு, பார்ப்போமே என்று அண்ணன் அந்தப் பழையதையே திரும்ப மாட்டினார். எட்டு மாதமாக அதுதான் ஓடுகிறது. புதிதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் எலெக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் எடுப்பதில்லையாம். டேஷ்போர்டு டிராயரில் கிடக்கிறது.