ஆர்லாண்டோ ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் 2025: உரிமம் வாங்கிய ஐந்து பேய்வீடுகள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் யுனிவர்சல் ஆர்லாண்டோ பூங்கா ஆண்டுதோறும் நடத்தும் பேய்வீட்டு விழா ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ். அதன் 2025 பதிப்பில், திகில் படக் கொலைகாரனான ஹாக்கி முகமூடி ஜேசனுக்கு ஒரு வீடு இருந்தது. ஆனால் வாசலில் அவன் படவரிசையின் பெயரான 'ஃபிரைடே த தர்ட்டீந்த்' இருக்கவில்லை, 'ஜேசன் யுனிவர்ஸ்' என்றுதான் இருந்தது. இந்த விழாவில் வாசல் பலகையைப் படிக்கத் தெரிந்தவருக்கு உள்ளே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது வரிசையில் நிற்கும்போதே பாதி தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 29 முதல் நவம்பர் 2 வரை 48 இரவுகள், மொத்தம் பத்து வீடுகள். ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ், ஃபால்அவுட், டெரிஃபயர், ஜேசன் யுனிவர்ஸ், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வயட் சிக்ஸ் ஆகிய ஐந்தும் படம், தொடர், விளையாட்டு, மல்யுத்தம் என்று எங்கிருந்தோ வந்த பெயர்கள். மீதி ஐந்தும் பூங்காவின் வடிவமைப்பாளர்களே எழுதியவை. இந்த மதிப்பீடு முதல் ஐந்தைப் பற்றியது.

ஜேசனிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் உரிமச் சிக்கலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1980-இல் வந்த முதல் படத்தின் திரைக்கதையை எழுதியவர் விக்டர் மில்லர். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவுப்படி, 1978-க்குப் பிறகு உரிமையை எழுதிக் கொடுத்த ஆசிரியர் 35 ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பக் கேட்கலாம். கூலிக்குச் செய்த வேலையாக (நிறுவன ஊழியராக எழுதியதாக) இருக்கக் கூடாது, உரிய காலத்துக்குள் முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மில்லர் கேட்டார். பட உரிமையை வைத்திருந்த ஹாரர் இன்க். நிறுவனம் வழக்குப் போட்டது. எழுத்தாளர் சங்க உறுப்பினர் என்பதால் மட்டும் அவர் ஊழியர் ஆகிவிட மாட்டார் என்று 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மில்லர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அவருக்குத் திரும்பியது முதல் திரைக்கதையின் அமெரிக்க உரிமை மட்டும். அந்தப் படத்தில் கொலை செய்பவர் ஜேசனின் தாய். வளர்ந்த ஜேசன் கொலைகாரனாக வருவது 1981-இன் இரண்டாம் படத்தில், ஹாக்கி முகமூடி தலையில் ஏறுவது 1982-இன் மூன்றாம் படத்தில். ஆக ஒரே பாத்திரத்தின் கதையே இரண்டு கைகளில் பிரிந்து கிடக்கிறது. 'ஜேசன் யுனிவர்ஸ்' என்பது ஹாரர் இன்க். 2024-இல் தொடங்கிய வணிகப் பெயர். வீட்டின் கவனம் முழுக்க முகமூடி ஜேசன் மேல், அவன் பல வடிவங்கள் மேல் விழுவதை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும்.

பேய்வீடாக அது நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குக் காரணம் முகமூடிதான். ஓர் இரவு முழுக்க ஒரே நடிகர் நிற்பதில்லை, முறை வைத்து ஆள் மாறுகிறார்கள். முகம் மூடிய பாத்திரத்துக்கு உயரமும் தோளும் ஒத்துப்போனால் போதும். கதை முடிச்சு எதுவும் தேவையில்லை, மறைவிலிருந்து வெட்டுக்கத்தியோடு வந்தால் சரி. ஜேசன், மைக்கேல் மையர்ஸ் ('ஹாலோவீன்' படங்களின் முகமூடிக் கொலைகாரன்) போன்ற பெயர்கள் பூங்காக்களில் திரும்பத் திரும்ப வருவது ரசிகர் பாசத்தால் மட்டுமல்ல.

இந்தக் கணக்கு இடிக்கும் இடம் ஃபால்அவுட். மூலக் கணினி விளையாட்டு பெதஸ்டா நிறுவனத்துடையது, வீடு அமேசான் பிரைம் தொடரின் முதல் பருவத்தைப் பின்பற்றுகிறது. அதனால் லூசி, மேக்ஸிமஸ், முகம் சிதைந்த கூல் என்று தொடரின் பாத்திரங்களுக்கு மனித முகங்கள் வேண்டும். படத்தின் உரிமம் வேறு, நடிகரின் முகச்சாயலுக்கான அனுமதி வேறு. கைக்கு அனுமதி வந்த பிறகும், அந்தச் சாயலில் ஒவ்வொரு முறைக்கும் ஆள் தேட வேண்டும். ஒப்பனையில் மூக்கிழந்த கூலை நம்ப வைத்துவிடலாம். லூசியை அடையாளம் காட்டுவது அந்த நீல மஞ்சள் வால்ட் (நிலவறை) உடைதான், முகம் அல்ல. இந்த வீட்டின் பலம் அரங்க அமைப்பில் இருக்கிறது: நிலவறை, பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவசம், பாழடைந்த உலகம். பயம் இரண்டாம் பட்சம். தொடர் பார்க்காதவர் அழகான ஒரு அரங்கின் வழியாக நடந்து வெளியே வருவார்.

முகச்சாயல் விஷயத்தில் யுனிவர்சலுக்கே பழைய அனுபவம் உண்டு. நடிகர் பேலா லுகோசியின் டிராகுலா தோற்றத்தைப் பொருள்களில் விற்றதற்காக அவர் வாரிசுகள் இதே நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், 1979-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அதன் பிறகு அந்த மாநிலம் சட்டத்தையே மாற்றி, இறந்தவரின் சாயலுக்கும் வாரிசுரிமை கொடுத்தது. ஃப்ளோரிடாவில் அந்தப் பாதுகாப்பு இறந்து 40 ஆண்டுகள் வரை. ஒரே படத்துக்கு கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா ஆகிய இரு இடங்களின் யுனிவர்சல் பூங்காக்களும் வீடு கட்டினாலும் அனுமதிப் பட்டியல் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

டெரிஃபயரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அந்தப் படங்களின் கொலைகாரனான ஆர்ட் என்ற கோமாளி பேசுவதே இல்லை. முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. வசனப் பதிவு வேண்டாம், குரல் ஒப்பிட்டுப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வீடு ரத்தத்தில் குளிக்கிறது, படங்களும் அப்படித்தான். குமட்டல் வரும் ஆட்கள் தவிர்க்கலாம். மற்றவர்களுக்கு ஐந்தில் இதுதான் அசலுக்கு மிக நெருக்கம்.

கூட்டம் குவிவது ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸில். 2014-இல் ஸ்காட் காதன் தனியாளாக வெளியிட்ட, பிட்சா கடையின் இரவுக் காவலாளியை இயந்திர பொம்மைகள் தேடிவரும் விளையாட்டு, 2023-இல் ப்ளம்ஹவுஸ் தயாரித்து யுனிவர்சல் வெளியிட்ட படம். அந்தப் படத்தின் இயந்திர பொம்மைகளைச் செய்தது ஜிம் ஹென்சனின் கிரியேச்சர் ஷாப். எதிர்பார்ப்பு வானளாவ இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அடிப்படைக் குறை ஒன்று உண்டு. மூல விளையாட்டின் பயம், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு, கதவுக்கு மின்சாரம் தீர்கிறதா என்று எண்ணுவதில் இருக்கிறது. பேய்வீட்டில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், யாரையும் உட்கார வைக்க முடியாது. பயமுறுத்தும் முறையை விட்டுவிட்டுப் பாத்திரங்களை மட்டும் கொண்டுவர முடிகிறது. பிட்சா கடையைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் குதிப்பார்கள். நடுங்கப் போகிறவர் ஏமாறலாம். 2024-இன் எ கொயட் ப்ளேஸ் வீட்டிலும் இதே சங்கடம்தான்: மூச்சுவிடாத அமைதியில் ஓடும் கதையை, நாற்புறமும் அலறல் கேட்கும் விழாவுக்குள் எப்படி வைப்பது?

வயட் சிக்ஸ் என்ற மல்யுத்தக் குழுவின் வீடு, 2023-இல் மறைந்த மல்யுத்த வீரர் பிரே வயட் உருவாக்கிய உலகத்தைச் சுற்றியது. மல்யுத்தம் தெரியாதவருக்குக் கதை பிடிபடாது, ஆனால் அவர் போட்ட 'ஃபீண்ட்' வேடத்தின் முகமூடி யாருக்கும் வேலை செய்யும். நினைவஞ்சலியும் பேய்வீடும் ஒரே கூரைக்குள் ஒத்துப்போகுமா என்ற சந்தேகம் இருந்தவர்களுக்கு, ரசிகர்கள் கண் கலங்கி வெளியே வருவதே பதில்.

இனி உரிமம் எப்படி ஒரு வீட்டைக் கெடுக்கிறது என்பது. வெளிவராத படத்தின் விளம்பரமாக வீடு மாறுவதுதான் அதிகம் நடப்பது. 2009-இல் தி வுல்ஃப்மேன் வீடு திறந்தபோது படமே வந்திருக்கவில்லை. அது 2010 பிப்ரவரியில்தான் வந்தது. கதை யாருக்கும் தெரியாத நிலையில் மக்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தது ஒரே பெயரை இழுப்பது. தி வாக்கிங் டெட் ஆர்லாண்டோவில் 2012 முதல் 2016 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து வந்தது; கடைசி ஆண்டுகளில் பலகையைப் பார்த்தே சலிப்பு. மூன்றாவது இசை. தி எக்ஸார்சிஸ்டை நினைத்தால் காதில் ஒலிக்கும் 'டியூபுலர் பெல்ஸ்' படத்துக்காக எழுதப்பட்டதே அல்ல, மைக் ஓல்ட்ஃபீல்டின் 1973 இசைத்தொகுப்பு. படத்தை எடுத்த நிறுவனத்திடம் கையெழுத்து வாங்கினால் அந்த இசை சேர்ந்து வராது.

யுனிவர்சல் தன் சொந்தப் பேய்களுக்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த டிராகுலாவும் ஃபிராங்கென்ஸ்டைனின் உருவமும் 2025 ஆர்லாண்டோ பட்டியலில் இல்லை. 2025 மே மாதம் ஆர்லாண்டோவில் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற புதுப் பூங்காவில், அந்தப் பேய்களுக்கென்றே டார்க் யுனிவர்ஸ் என்று ஆண்டு முழுவதுக்கும் தனிப் பகுதியே வந்துவிட்டது.

சொந்தமாகச் சின்ன பேய்வீடு நடத்தி நுழைவுக் கட்டணம் வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கடையில் வாங்கிய அதிகாரபூர்வ மைக்கேல் மையர்ஸ் முகமூடிக்கு உள்ள உரிமம், வாங்கியவர் சொந்தமாகப் போட்டுக்கொள்வதற்கு. காசு வாங்கும் காட்சிக்கு அது செல்லாது. உண்மையில் உரிமம் கேட்பதானால் முதல் வேலை, பெயர் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற ஆவணச் சங்கிலியைப் பார்ப்பது. பிறகு ஒப்பந்தத்தில் எந்தப் படம், எந்தப் பாத்திரம், எந்த ஊர், எத்தனை நாள் என்று தனித்தனியாக எழுத வேண்டும். உடை, முகமூடி, அரங்க வரைபடம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டியிருக்கும். இத்தனை வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்ற வரி இல்லாவிட்டால், செப்டம்பரில் தச்சர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முடிந்த பிறகு முகமூடிகளைத் திருப்பித் தருவதா அழிப்பதா என்பதையும் அப்போதே முடிவு செய்வது நல்லது.

காசு இல்லாவிட்டால் 1968-இன் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' இருக்கிறது. படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்து. 1897-இன் டிராகுலா நாவலும் 1818-இன் ஃபிராங்கென்ஸ்டைன் நாவலும் அப்படியே. ஆனால் தட்டைத் தலையும் கழுத்துப் போல்ட்டும் நாவலில் இல்லை, 1931 படத்துடையவை. அந்தப் படத்தின் அமெரிக்கப் பதிப்புரிமை 2027 ஜனவரி 1 அன்றுதான் முடிகிறது. டிரேட்மார்க் அதோடு சேர்ந்து போய்விடாது.

ஆர்லாண்டோ பயணம் பற்றி: 2025-இல் பூங்கா மாலை 5 மணிக்கு மூடி 6.30-க்கு விழாவுக்குத் திறந்தது. பகல் டிக்கெட்டும் விழா டிக்கெட்டும் இருப்பவர் 'ஸ்டே அண்ட் ஸ்க்ரீம்' பகுதியில் உள்ளேயே தங்க முடிந்தது. அங்கிருந்து சில வீடுகளுக்கு முன்கூட்டியே அனுப்பினார்கள். எந்த வீடுகள் என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபைவ் நைட்ஸை முதலில் முடித்துவிட வேண்டியிருந்தது, இல்லையென்றால் நள்ளிரவு தாண்டி. ஜேசனும் வயட் சிக்ஸும் இடையில். பூங்கா சொந்தமாக எழுதிய ஐந்து வீடுகளில் வரிசை பெரும்பாலும் சிறியதாக இருந்தது. அவற்றில் வடிவமைப்பாளருக்கு யாரிடமும் ஒப்புதல் வாங்கும் வேலை இல்லை, அது தெரிந்தது. முகமூடியும் வேஷமும் போட்டு வர அனுமதி இல்லை; வீட்டுக்குள் படம் பிடிக்கவும் கூடாது; 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பூங்காவே பரிந்துரைப்பதில்லை. வரிசைக் காத்திருப்பைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தனி விலை, அக்டோபர் சனிக்கிழமைகளில் நுழைவுச் சீட்டையே மிஞ்சியது. செப்டம்பர் புதன்கிழமை கிடைத்தவர்கள் பாஸ் இல்லாமலே சமாளிக்க முடிந்தது.