140 ஜிகாஹெர்ட்ஸ், 1 மெகாவாட் ஜைரோட்ரான்: வாங்கலாமா?

ஜைரோட்ரான் என்பது காந்தப் புலத்தில் சுழலும் எலக்ட்ரான் கற்றையிலிருந்து வலுவான நுண்ணலையை எடுக்கும் வெற்றிடக் குழல். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வென்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியில் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயுவை) சூடேற்றும் பிரதான ஆயுதம் இந்த ரகக் குழல்தான். அங்குள்ள 2.5 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரானின் சுழற்சி அதிர்வெண் 70 ஜிகாஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கில் அலை உறிஞ்சப்படுகிறது. ஒரு மெகாவாட்டை அரை மணி நேரம் விடாமல் தரும் வடிவமைப்பு.

முதலில் பாராட்ட வேண்டியது, அலை குழலிலிருந்து வெளியேறும் சன்னலை. 1.8 மி.மீ. தடிமனுள்ள செயற்கை வைரத் தட்டு அது. இந்த அலையின் பாதி நீளம் வைரத்துக்குள் 0.45 மி.மீ.; தடிமன் சரியாக அதன் நான்கு மடங்கு என்பதால் அலை திரும்பி அடிப்பதில்லை. ஒரு மெகாவாட் கடந்தாலும் தட்டில் தங்குவது சில நூறு வாட்தான். விளிம்பைச் சுற்றி ஓடும் தண்ணீரே போதும். ஆனால் மேற்பரப்பில் தூசு படிந்தால் அங்கேயே ஆர்க் (மின்பொறி) அடிக்கும்.

குழலை மட்டும் வாங்கி வந்தால் வேலை நடக்காது. சுமார் 5.5 டெஸ்லா தரும் மீக்கடத்திக் காந்தமும் 80 கிலோவோல்ட் அளவிலான மின்வழங்கியும் கூடவே வேண்டும். (ஒரு டெஸ்லாவுக்கு 28 ஜிகாஹெர்ட்ஸ்; அப்படியானால் 140ஐ 28ஆல் வகுத்தால் 5 டெஸ்லாதானே வருகிறது என்று கேட்கலாம். அந்த வேகத்தில் எலக்ட்ரானின் நிறை கூடிவிடுகிறது. மிச்சப் புலம் அதற்கு.) வேலை முடித்த எலக்ட்ரான்களை, அவற்றைப் பிடிக்கும் செம்புக் கலெக்டருக்கு முன்பே எதிர் மின்னழுத்தத்தால் மெதுவாக்கினால் திறன் 30-35 சதவீதத்திலிருந்து 45-ஐத் தொடும். அப்போதும் ஒரு மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் குளிர்விப்பு நீரில்தான் போய்ச் சேரும். கற்றை ஒரே இடத்தில் விழுந்து செம்பை உருக்காமலிருக்க, அதைக் காந்தச் சுருளால் மேலும் கீழும் அலைக்கழிக்க வேண்டும்.

படுத்துவது, எலக்ட்ரான்களை உமிழும் சூடான முனையான கேத்தோடு. கற்றை ஓடத் தொடங்கியதும் எலக்ட்ரான் உமிழ்வே அதைக் குளிர்விக்கிறது. மின்னோட்டம் மெல்லச் சரிகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் அலை பக்கத்து மோடுக்கு (குழலுக்குள் அது அதிரும் வேறொரு வடிவத்துக்கு) தாவும், வெளியீடு பொசுக்கென்று விழும். அலைத் துடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பே கேத்தோடைச் சூடாக்கும் இழையின் சூட்டைக் கூட்டி வைப்பதுதான் வழி. தாவல் தெரிந்த உடனே உயர் மின்னழுத்தத்தை வெட்டும் சுற்றும் கட்டாயம்.

வாங்குமுன் உங்கள் பிளாஸ்மாவின் அடர்த்தியைப் பாருங்கள். எக்ஸ்-2 முறையில் (அலையின் மின்புலம் காந்தப் புலத்துக்குச் செங்குத்து; 2 என்பது அந்த இரு மடங்கு அதிர்வெண்) கன மீட்டருக்கு 1.2 × 10²⁰ எலக்ட்ரான்களைத் தாண்டினால் அலை உள்ளே நுழையாது. முனைவாக்கத்தை, அதாவது அலையின் மின்புலத் திசையைத் திருப்பி ஓ-2வுக்கு (மின்புலம் காந்தப் புலத்துக்கு இணை) மாறினால் எல்லை இரட்டிக்கும். ஆனால் ஒரே கடப்பில் முழுதும் உறிஞ்சப்படாது. எதிர்ச் சுவரில் பிரதிபலிப்பு ஓடுகளும், உறிஞ்சப்படாமல் சிதறும் அலையை அளந்து குழலை நிறுத்தும் உணரிகளும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.