சத்து மாத்திரைகளோடு சில வருடங்கள்: எது நின்றது, எது போனது

எனக்குத் தைராய்டு. அதோடு ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு. அம்மாவுக்குச் சர்க்கரை. சில வருடங்களாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு குட்டி மெடிக்கல் கடையே இருக்கிறது. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான்.

இரும்பு மாத்திரை எனக்கு நிஜமாகவே கேட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது போனது. மலம் கறுத்துப் போகும், வயிறு கட்டும், பயப்பட ஒன்றுமில்லை. டீ, காபியோடு மட்டும் போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாகச் சேரும்.

சிக்கல், மாத்திரை போடும் நேரத்தில்தான். முதலில் கிடைத்த சீட்டில் தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றுக்கும் 1-0-0 என்றே எழுதியிருந்தது. அப்படியே மூன்றையும் காலையில் விழுங்கினேன். தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.ஹெச். அளவு இறங்கவே இல்லை. மாத்திரை வாங்கப் போனபோது மெடிக்கல் அண்ணன் சீட்டைப் பார்த்துவிட்டு, "தைராய்டு மாத்திரைக்கும் மத்த ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடும்மா, டாக்டர்கிட்ட கேட்டுக்க" என்றார். டாக்டரும் ஆமாம் என்றார். இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் இரும்பு, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கால்சியம். அடுத்த டெஸ்டில் அளவு இறங்கியிருந்தது.

வெயில் கொளுத்தும் கடற்கரையில் வைட்டமின் டி குறையுமா என்று சிரிப்பார்கள். நாள் முழுக்க வீட்டுக்குள் தையல் மிஷினில் உட்கார்ந்தால் குறையும். வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், பாலில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு. டாக்டர் சொன்ன 8 வாரத்தோடு நிறுத்தினேன். இது தேவைக்கு மேல் போனால் உடம்பிலேயே தங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, கிட்னியைக் கெடுக்கும். முதுகு வலி குறைந்தது உண்மை. ஆனால் அதே சமயத்தில் நாற்காலியையும் மாற்றியிருந்தேன், எது கேட்டதென்று சத்தியம் பண்ண முடியாது.

அம்மா கதை வேறு. தினம் மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஆனாலும் மீனில் கிடைக்கிற வைட்டமின் பி12 அம்மாவுக்குக் குறைவு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் போடுகிறவர்களுக்கு இப்படி ஆவது சகஜமாம். பாதம் மதமதப்பு, எரிச்சல் எல்லாவற்றையும் சர்க்கரை மேலேயே போட்டுக்கொண்டிருந்தோம். முதலில் ஊசி, அப்புறம் மாத்திரை. மதமதப்பு நன்றாகக் குறைந்தது, எரிச்சல் ராத்திரியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை.

தண்டச் செலவு என்றால் மீன் எண்ணெய் காப்ஸ்யூல்தான். சூடையும் சாளையும் வாசலுக்கே கூடையில் வரும் ஊரில் அதை டப்பாவில் வாங்குவானேன்! தைராய்டுக்கு நல்லது என்று கடல்பாசிப் பொடி தந்தவரிடமும் வேண்டாம் என்றேன். பாசியில் அயோடின் அதிகம், அது மிஞ்சினால் தைராய்டையே குழப்பும். முடிக்கு பயோட்டின் போடும் தோழிகள் தைராய்டு டெஸ்டுக்கு 2 நாள் முன்பாவது அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட் தப்பாக வரும். மல்டிவிட்டமினை நானே விட்டுவிட்டேன். சிறுநீர் மஞ்சளானதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.